கட்டடமா, அலுமாரியா, ஓட்டோவா? ஊர் நூலகத்துக்கு எது முதலில்

மலையகத்தில் எங்கள் ஊர் நூலகத்துக்கு ஏதாவது செய்வோம் என்று கொழும்பில் இருக்கிற நாங்கள் கொஞ்சப் பேர் காசு சேர்க்கத் தொடங்கினோம். இப்போது வாட்ஸ்அப்பில் மூன்று கட்சி. ஒன்று புதுக் கட்டடம் கேட்கிறது, இன்னொன்று உள்ளே இருப்பதைத் திருத்தினால் போதும் என்கிறது, மூன்றாவது புத்தகங்களை ஓட்டோவில் ஏற்றித் தோட்டங்களுக்குக் கொண்டு போகச் சொல்கிறது. நான் இரண்டாவது கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டடக் கட்சியிடம் படங்கள் நிறைய. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 2016இல் கட்டிய பீமா நூலகத்தைத்தான் முதலில் அனுப்பினார்கள். சுவருக்குப் பதிலாக ஏறக்குறைய 2000 பழைய ஐஸ்கிரீம் வாளிகள். அடி வெட்டிய வாளி பூச்சியம், வெட்டாதது ஒன்று என்று வைத்து, புத்தகம் உலகத்தின் யன்னல் என்ற வாக்கியத்தையே கணினிக் குறியீட்டில் எழுதியிருக்கிறார்கள், அந்த ஓட்டைகளால் காற்றும் வருகிறது. அழகுதான். ஆனால் எங்கள் ஊரில் அப்படி ஓட்டை விட்டால் உள்ளே வருவது பனிமூட்டம், ஒரு மாரி போதும், புத்தகமெல்லாம் பூஞ்சணம்.

எனக்கு உண்மையில் பிடித்தது பக்கத்தில் இருக்கிறது, கண்டி வீதியில் அம்பேபுஸ்ஸவில். மிலிந்த பதிராஜ வடிவமைத்த நூலகம் அது. போருக்குப் பிறகு இளம் சிப்பாய்களுக்குக் கட்டட வேலை பழக்கி, அவர்களைக் கொண்டே மண்ணை இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பினார்கள், 2015இல் கட்டடங்களுக்கான ஹோல்சிம் உலக விருதில் வெள்ளி கிடைத்தது. (சீருடையும் நூலகமும் ஒரே வரியில் வந்தால் எங்களுக்கு 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வராமல் இருக்காது. அது இங்கே பேசி முடிகிற கதை இல்லை.) கட்டடத்தோடு கூடவே ஒரு தொழிலும் கைக்கு வந்தது என்பதுதான் அதில் பெரிய விஷயம். எங்களிடம் அந்த ஆட்பலமும் இல்லை, நிலமும் இல்லை.

சரி, உள்ளே வருவோம். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு பொடியன் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் தலையைச் சரித்துக்கொண்டு நின்றான். புத்தக முதுகில் பெயர் மங்கிப் போயிருந்தது, ஒட்டியிருந்த 894.811 மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த புத்தகத்திலும் அதே எண், அதற்கடுத்ததிலும் அதேதான் தொடங்குகிறது. சாவி மேசை லாச்சிக்குள். கேட்டால் திறப்பார்கள், ஆனால் எந்தப் புத்தகம் என்று சொல்லிக் கேட்க வேண்டும், அதைத் தெரிந்துகொள்ளத்தானே அவன் வந்திருக்கிறான்!

1876இல் மெல்வில் டூயி தொடக்கிய எண்முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் அந்த 894.811க்குள் அடங்குகிறது, இந்து சமயம் 294.5க்குள். எல்லா மொழிப் புத்தகமும் இருக்கும் பெரிய நூலகத்துக்கு இது உதவும், தமிழ்க் கதையும் சமயமுமே பெரும்பகுதியாக இருக்கிற சின்ன இடத்தில் ஒன்றையும் பிரித்துக் காட்டாது. அரிசோனாவின் கில்பர்ட்டில் ஒரு கிளை நூலகம் 2007இலும், கொலராடோவின் எனிதிங்க் நூலகங்கள் 2009இலும் டூயியைக் கைவிட்டு, புத்தகக் கடை மாதிரிச் சொற்களாலேயே தட்டுகளுக்குப் பெயர் வைத்தன. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கணக்கெடுக்க எண் வேண்டும், அது முதுகில் இருக்கட்டும். தட்டில் "பேய்க்கதை", "தோட்டத்துக் கதைகள்", "ஓ.எல். பரீட்சை எழுதுகிறவர்களுக்கு" என்று எழுதி, கதவைக் கழற்றி, சில புத்தகங்களையாவது அட்டை தெரிய நிறுத்தினால் போதும். இடம் நிறையப் போகும், முப்பது நிற்கிற தட்டில் ஐந்தோ ஆறோதான் அப்படி நிற்கும். போகட்டும். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் எண்ணா பார்த்து வாங்குகிறோம்? கை போகிற இடத்தில் கண்ணும் போகிறது.

ஓட்டோக் கட்சியை நான் லேசாக எடுக்கவில்லை. 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது, இந்திய நூலகத்துறையின் முன்னோடி எஸ்.ஆர். அரங்கநாதன் காலத்து முயற்சி. எங்கள் நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டுகிறது, தோட்டத் தொழிலாளர்கள் தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வரவே அந்த நேரம் ஆகிவிடும். அவர்களுக்கு நாம்தான் போக வேண்டும். ஆனால் வாராவாரம் யார் ஓட்டுவது, பெற்றோலுக்கு யார் கொடுப்பது? 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலுக்குக் கியூஆரைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதோடு எதை ஏற்றுவது என்றும் தெரிய வேண்டும், திறந்த தட்டில் எது அடிக்கடி காணாமல் போய்த் திரும்பி வருகிறதோ அதைத்தான். ஆகவே அலுமாரிக்கு அப்புறம் ஓட்டோ.

நூலகருக்கு ஒரு பயம் இருக்கிறது, நியாயமானது. கதவைக் கழற்றிய பிறகு கணக்கெடுப்பில் புத்தகம் குறைந்தால் தன் தலையில் விழும் என்கிறார். சேர்ந்த காசில் ஒரு பங்கைத் தொலைகிற புத்தகங்களுக்கென்றே ஒதுக்குவோம் என்று நேற்று குழுவில் எழுதினேன். ஓட்டோக் கட்சி கட்டைவிரல் காட்டியது. கட்டடக் கட்சியிடமிருந்து இதுவரை இரண்டு நீல டிக் மட்டும்.