டயோட்ரோபியம் பொடி இன்ஹேலர்: நாளுக்கு ஒரு முறை போதும்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக அப்பா பயன்படுத்தும் இந்த இன்ஹேலரைப் பற்றி மனநிறைவோடு எழுதுகிறேன். மூச்சுக்குழாய்த் தசையைச் சுருங்கச் செய்யும் எம்3 ஏற்பிகளை (செல்லின் மேலுள்ள சமிக்ஞை வாங்கிகளை) மருந்து பற்றிக்கொண்டு தடுத்து, மிக மெதுவாகவே விடுவதால், 18 மைக்ரோகிராம் காப்ஸ்யூல் ஒன்றின் பலன் 24 மணி நேரம் நீடிக்கிறது; முன்பு இப்ராட்ரோபியம் என்ற இதே வகை மருந்தை நாளுக்கு நான்கு முறை உறிஞ்சியவருக்கு இது பெரிய விடுதலை.

காப்ஸ்யூலைத் துளையிட்டு, கருவியை விலக்கி மூச்சை முழுவதும் வெளியே விட்டபின், ஆழமாக இழுக்கும்போது காப்ஸ்யூல் கருவிக்குள் படபடவென்று அதிரும் ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மருந்து சரியாக உள்ளே போகவில்லை. மூச்சு தளர்ந்தவர்களுக்கு அந்த இழுப்பே சிரமம் என்பதுதான் உண்மையான குறை. வாய் வறட்சியும் உண்டு. காப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்து விழுங்குவோரும் இருப்பதால், முதல் நாளே செய்முறையைக் காட்டித்தர வேண்டும். திடீர் மூச்சுத்திணறலுக்கு இது உதவாது. அதற்கு உடனே மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் இன்ஹேலர் தனியே கைவசம் இருக்க வேண்டும்.