யூடியூபா, வாட்ஸ்அப்பா? காரைக்குடிப் பலகாரத்துக்கு எது முதலில்

மனகோலம், சீப்புச் சீடை விற்கத் தொடங்குபவருக்கு எங்கள் ஓட்டு வாட்ஸ்அப்புக்கே.

யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும்) வேண்டும். அதற்குப் பிறகும் ஆட்சென்ஸ் என்ற கூகுளின் விளம்பரப் பணக் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். வெளியூர் ஆட்களை இழுப்பது என்னவோ யூடியூப்தான்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றுக்கு 256 பேர். உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பலர் சறுக்குவது இங்கேதான். முதல் பார்சலிலேயே 'எண்ணைச் சேமியுங்கள்' என்று சீட்டு வையுங்கள். கால் கிலோ, அரை கிலோ விலையைக் கூரியர் செலவோடு எழுதிவிடுங்கள். 'பார்த்துக் குடுங்க' என்று குழைந்தால் பேரம் தொடங்கிவிடும். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண்ணையும் போடுங்கள். கேட்கும் விலைக்கு அதுவே தெம்பு.

சந்தா கூடும்வரை யூடியூபில் வாரம் ஒரு செய்முறை போதும். விளக்கத்தில் வாட்ஸ்அப் இணைப்பு இருக்கட்டும்.