டிஸ்க் எரர் வந்தா முதல்ல எதுல கை வைக்கணும்: செக்டிஸ்க்கா, ஸ்மார்ட்டா, கேபிளா?

ஒரு ஃபோல்டரைத் திறந்தா மேல பச்சைக் கோடு ஊர்ந்துக்கிட்டே இருக்கு, காப்பி போட்டா பாதில நிக்குது, ரீஸ்டார்ட் பண்ணா டிஸ்க் எரர்ங்குது. உடனே எல்லாரும் ஓட்டறது விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் செக் பண்ற டூல், செக்டிஸ்க் தான். நானும் அதைத்தான் செஞ்சேன், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ராத்திரி முழு டிஸ்க்கையும் பாக்கச் சொல்ற ஸ்லாஷ் ஆர் போட்டு விட்டுட்டு படுத்துட்டேன், காலைல எழுந்து பாத்தா போட்டோ வச்சிருந்த ஃபோல்டரைக் காணோம், ஹிடன் ஃபைலெல்லாம் காட்டச் சொன்னப்புறம்தான் ஃபவுண்ட் டாட் 000னு ஒண்ணு தெரிஞ்சுது, உள்ள ஃபைல்0000 டாட் சிஎச்கே, ஃபைல்0001 டாட் சிஎச்கேனு பேரு போன ஃபைலா வரிசையா கிடக்கு. அன்னைக்கு வயிறு எரிஞ்சதுல தான் இதை எழுதறேன்.

செக்டிஸ்க் கெட்ட டூல் இல்ல. கரண்ட் போயி சிஸ்டம் பட்டுனு ஆஃப் ஆச்சு, ஃபைல் சிஸ்டம் கணக்கு மட்டும் (எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற பதிவு) குழம்பிப் போச்சுன்னா அதை மட்டும் சரி பண்ற ஸ்லாஷ் எஃப் போதும், பெரும்பாலும் சரியாயிடும். ஆனா அதோட வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தறது, உங்க போட்டோவைக் காப்பாத்தறது இல்ல. அதுலயும் ஸ்லாஷ் ஆர் போட்டா டிஸ்க் முழுக்க ஒவ்வொரு செக்டாரா (டேட்டா எழுதற சின்னத் துண்டு) படிக்கும், சரி பண்றேன்னு அதே டிஸ்க்லயே எழுதவும் செய்யும், சாகக் கிடக்கிற டிஸ்க்கை மணிக்கணக்கா ஓட விடற மாதிரி.

ஸ்மார்ட் பாக்கறதுல அந்த ஆபத்து கிடையாது, டிஸ்க் தன்னைப் பத்தி எழுதி வச்சிருக்கிற குறிப்பைப் படிக்கறோம், அவ்வளவுதான். அதைக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் போட்டுட்டு நாலு ஐடியை மட்டும் பாருங்க. 5 வந்து கெட்டுப்போயி ஏற்கெனவே வேற இடத்துக்கு மாத்தின செக்டார், 197 படிக்க முடியாம இன்னும் முடிவாகாம நிக்கிற செக்டார், 198 படிக்கவே முடியலைன்னு டெஸ்ட்ல தெரிஞ்சது, 199 கேபிள் வழியா டேட்டா வரும்போது நடந்த தப்பு. ஒண்ணு கவனம், அதுல ஐடியும், எண்ணிக்கையைச் சொல்ற ரா வேல்யூவும் வழக்கமா ஹெக்ஸ்ல (16 அடிப்படையிலான எண் முறை) காட்டும், 197, 198, 199 எல்லாம் சி5, சி6, சி7னு இருக்கும், ரா வேல்யூ 1எஃப்னு இருந்தா அது 31. இதுக்கும் குறை இருக்கு, ஃபைல் சிஸ்டம் குழப்பத்தை ஸ்மார்ட் சொல்லாது, நாலும் 0 காட்டிக்கிட்டே திடீர்னு செத்துப்போற டிஸ்க்கும் உண்டு, எஸ்எஸ்டி இன்னும் மோசம், சத்தமே இல்லாம ஒரு நாள் பயாஸ்லயே (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடற புரோகிராம்) தெரியாம போயிடும்.

5, 197, 198 எல்லாம் 0, ஆனா 199 மட்டும் ஏறியிருக்குன்னா டிஸ்க்கை விடுங்க, அதை மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிளைப் பாருங்க. இது இருக்கறதுலயே ஈஸி, ஆனா யாரும் செய்யறதில்ல. பவரை ஆஃப் பண்ணி கேபினெட்டைத் திறந்து அந்த எல் ஷேப் கனெக்டரை லேசா தொட்டுப் பாத்தாலே லூசா ஆடறது தெரியும். வேற கேபிள், முடிஞ்சா வேற போர்ட். 199 எப்பவும் இறங்காது, அதனால பழைய நம்பரைக் குறிச்சு வச்சுக்கிட்டு பெரிய ஃபைல் ஒண்ணை காப்பி பண்ணி திரும்பப் பாருங்க, நம்பர் ஏறறது நின்னுடுச்சுன்னா கேபிளோ போர்ட்டோ தான் காரணம்.

197ல நம்பர் இருந்தா கதையே வேற. முதல்ல பேக்கப், அதுவே தடுமாறுதுன்னா இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற லினக்ஸ் லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி, கெட்ட டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுக்கிற டிடிரெஸ்க்யூ. அது நல்லா படிக்க வர்ற பகுதியை முதல்ல அள்ளிடும், அடம்பிடிக்கிற இடத்துக்கு கடைசியா திரும்பி வரும், எது வரைக்கும் படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்கிற மேப்ஃபைல் கொடுத்திருந்தா நடுவுல நின்னாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். அதே சைஸ்லயோ அதைவிடப் பெருசாவோ வேற டிஸ்க் ஒண்ணு வேணும், அது ஒண்ணு தான் கஷ்டம். செக்டிஸ்க் ஓட்டணும்னா அந்தக் காப்பில ஓட்டுங்க, தப்பிப் போனாலும் ஒரிஜினல் அப்படியே இருக்கும். டிக் டிக்குனு தட்டற சத்தம் கேட்டா மட்டும் இது எதுவும் வேண்டாம், உடனே ஆஃப் பண்ணி டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொடுத்துடணும்.

டேட்டாவை எடுத்தப்புறம் ஃபுல் ஃபார்மேட் போட்டா 197 திரும்ப 0 ஆகலாம், டிஸ்க் சரியாயிடுச்சுன்னு சில பேரு சந்தோஷமா யூஸ் பண்ணுவாங்க. 5 ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறியிருந்தா நான் அதுல ஒரு போட்டோ கூட திரும்ப வைக்க மாட்டேன்.