புது கேமா, பழைய கேமா?

வியாசர்பாடி கேரம் கிளப்பில் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஆன்லைன் கேமை வந்த அன்னிக்கே வாங்கட்டுமா, பழசையே ஆடட்டுமா?"

காசு: புதுசுக்கு முழு விலை. பழசு தள்ளுபடியில் கிடைக்கும்.

ஆயுள்: இங்கேதான் விஷயம். 2024 ஆகஸ்டில் வந்த கான்கார்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமை இரண்டே வாரத்தில் மூடினார்கள். பணம் திரும்பி வந்தது, அதுவரை சரி. ஆனால் 2010-ல் வந்து சொதப்பிய ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் கேமுக்கு நவோகி யோஷிடா புது இயக்குநராகப் பொறுப்பேற்றார். 2013-ல் புதிதாகக் கட்டி மறுபடி இறக்கினார்கள். ஆள் மாறினால் கேமே மாறும்.

பழக்கம்: புதுசில் எல்லோரும் கத்துக்குட்டி. பழசில் முதல் வாரம் அடிதான்.

கிளப் பசங்க நாலு பேரும் சேர்ந்து இறங்கினால் புதுசு. சேர்த்து வைத்த காசில் தனியாக என்றால் பழசு. அதிலும் கடைசி பேட்ச், அதாவது கேமைத் திருத்தும் அப்டேட், வந்த தேதியைப் பார். ஆறு மாதமாக அடுத்த பேட்ச் "விரைவில்" என்றே போட்டிருந்த ஒரு கேமில் நான் ஏமாந்திருக்கிறேன்.