பெண்களுக்கான மென்ட்டரிங் திட்டம்: பாதிக் கிணறு

மூத்த பெண் ஊழியர் இளையவருக்கு வழிகாட்ட, மாதம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் என்று அலுவலகங்கள் நடத்தும் இந்தத் திட்டத்தில் உருப்படியான அம்சம், வழிகாட்டி நேரடி மேலதிகாரியாக இல்லாததுதான். அப்ரைசல் பயமின்றிச் சம்பளத்தைப் பற்றிக்கூடப் பேசலாம். முந்தைய நாளே ஒரு கேள்வியை எழுதி அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் புலம்பலிலேயே போய்விடும்.

சறுக்குவது எங்கே? அறிவுரை தாராளம், சிபாரிசுக்குப் பஞ்சம். பதவி உயர்வுக் கூட்டத்தில் இளையவரின் பெயரை எடுத்துச் சொல்ல ஆளில்லை. 2010-இலேயே மேலாண்மைப் பேராசிரியர் ஹெர்மீனியா இபாராவும் சக ஆய்வாளர்களும் சுட்டிய குறைதான் இது. மூன்றாவது மாதத்துக்குள் வழிகாட்டி தன் முக்கியக் கூட்டம் ஒன்றுக்கு இளையவரை அழைத்துப்போய், ஐந்து நிமிடமாவது அவரைப் பேசவிட வேண்டும்.

வழிகாட்டும் பெண்ணுக்கும் லாபம் உண்டு: வேறு துறையின் உள்விவகாரம் தெரியவரும், ஆள் வளர்ப்பவர் என்ற பெயரும் கிடைக்கும். அந்த நேரத்தைக் கேஆர்ஏ-வில் (வேலை இலக்குப் பட்டியலில்) எழுதி வாங்காவிட்டால், சம்பளமில்லாத ஓவர்டைம்தான்.