கேஷ்: காசா, பெட்டியா?
"கேஷா, ஜிபேயா?" என்று கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேஷ் நம் காசிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி வழியாக வந்தது. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியனில் காஸா, பிரெஞ்சில் கெஸ் என மாறி, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பெட்டியின் பெயரே உள்ளே இருந்த பணத்துக்கும் ஒட்டிக்கொண்டது. வசூலை நாம் கல்லா என்கிறோமே, அதே மாதிரி.

இன்னொரு கேஷ் அசல் தமிழ்க் காசு. போர்ச்சுகீசியர் வாயில் காய்ஷா ஆகி, அப்புறம் ஆங்கிலேயரிடம் போனது. சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசையும் அவர்கள் இப்படியே அழைத்தார்கள். சென்னையில் அன்றைய கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயக் கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா என்ற தங்க நாணயம். 1808-இல் பர்மிங்காமில் அச்சிட்ட 20 காசு நாணயத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் "20 காஸ், 4 ஃபுலூஸ்" (ஃபுலூஸ் என்றால் செப்புக் காசுகள்). அந்தக் காஸ் நம் சொல்தான். அந்த நாணயங்களை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809-இல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிவிட்டது.