உறைபனிக் காலையில் கைகள் விறைக்காமல் வண்டி ஓட்ட: தடித்த கையுறையா, சூடேறும் கிரிப்பா, ஹேண்டில் உறையா?

ஊட்டியில் நவம்பர் இறுதியில் தலைகாட்டும் உறைபனி பிப்ரவரி வரை விட்டுவிட்டு நீடிக்கும். தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் புல்வெளிகள் வெண்மையாகக் கிடப்பதைப் படம்பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் விடியலிலேயே வந்து நிற்கிறார்கள். அதே நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கோ, அந்த வெண்மை தங்கள் வண்டியின் இருக்கையிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் துடைத்து எடுக்க வேண்டிய ஒன்று. ஊட்டியிலிருந்து குன்னூருக்கு 125 சிசி வண்டியில் நாள்தோறும் அதிகாலையில் இறங்குபவன் நான். தடித்த குளிர்காலக் கையுறைகளைச் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு, இப்போது ஹேண்டில்பாரில் மாட்டும் உறைக்கு மாறியிருக்கிறேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். உறையின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன், அதற்கான காரணத்தைச் சொல்வதே நோக்கம்.

முதலில் கை ஏன் விறைக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் கடையில் எதை வாங்குவது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது. காற்றின் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 5 டிகிரிக் குளிருக்கு ஒப்பானது. இந்தக் காற்று முழுவதும் மோதுவது உள்ளங்கையில் அல்ல, புறங்கையிலும் விரல்களின் வெளிப்பக்கத்திலும்தான். அத்துடன், உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும் உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டு உடல் விரல்களுக்குச் செல்லும் இரத்த நாளங்களைச் சுருக்கிக்கொள்கிறது. அதனால் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் சரியான ஜெர்கினும் மஃப்ளரும் இல்லாதவர் எவ்வளவு விலையுயர்ந்த கையுறை வாங்கினாலும் பயன் குறைவு. ஜெர்கின் கைக்கும் கையுறைக்கும் நடுவே மணிக்கட்டில் விடுகிற இரண்டு விரற்கடை இடைவெளியும் அப்படியே. அங்கே இரத்தம் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது.

திபெத்திய மார்க்கெட்டில் கிடைக்கும் கம்பளிக் கையுறைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நடப்பவர்களுக்கு அவை போதும். வண்டியில் காற்று ஊடுருவிவிடும், பிரேக் லீவரிலும் வழுக்கும்.

தடித்த குளிர்காலக் கையுறையிலிருந்து தொடங்குவோம். வெளியே நைலானோ தோலோ, நடுவில் தண்ணீர் புகாத ஒரு சவ்வு, உள்ளே பஞ்சு போன்ற நிரப்பி, அதற்கும் உள்ளே மென்மையான துணி என்பதுதான் இதன் பொதுவான அமைப்பு. இதன் முதன்மையான சிறப்பு, விழுந்தால் கையைக் காக்கிறது என்பது. விரல்முட்டிக்குக் காப்பும் உள்ளங்கைக்குக் கூடுதல் தோலும் வைத்துத் தைத்தவையாகப் பார்த்து வாங்கினால் மற்ற இரண்டு வழிகளாலும் கொடுக்க முடியாத பாதுகாப்பு கிடைக்கும். குறை என்று எல்லோரும் சொல்வது தடிமன்: கிளட்சையும் முன் பிரேக்கையும் விரல் நுனியால் உணர்ந்து பிடிப்பது கடினமாகிறது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்திலிருந்து குன்னூரின் 1,850 மீட்டருக்கு எல்லநள்ளி, கேத்தி, அருவங்காடு வழியாக வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் அது சிறிய குறையல்ல. ஆனால் அது சில நாட்களில் பழகிவிடக்கூடியது. என்னைக் கையுறையிலிருந்து விலக்கியது வேறொன்று: அது காய்வதில்லை.

இதைச் சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது சற்றுக் கடினம். நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவமழையின் மேகம் மலையின் மேலேயே படுத்திருக்கும். மழை என்று சொல்ல முடியாத அந்த ஈரம் வண்டியில் போகிறவரின் புறங்கையில் முத்து முத்தாகக் கோத்து, தையல் வழியே மெல்ல உள்ளே இறங்கும். அதன் பிறகு வரும் தெளிந்த வானத்து நாட்களில் மழை இராது, ஆனால் உறைபனி இருக்கும். காலையில் கையுறையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் முதலில் செய்வது இருக்கையையும் கண்ணாடியையும் அதே கையுறையால் வழித்துத் துடைப்பதுதான். உப்புப் பொடியைப் போன்ற அந்தப் பனி விரல் நுனித் துணியில் ஒட்டி, ஊட்டியின் சாரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் நீராகிவிடுகிறது. வெளியிலிருந்து ஈரமே படாவிட்டாலும், தண்ணீர் புகாத சவ்வு உள்ளிருக்கும் வியர்வையையும் முழுமையாக வெளியேற விடுவதில்லை. எந்த வழியில் வந்தாலும் ஈரம் ஈரம்தான். நிரப்பிக்குள் சிறைபட்டிருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வெப்பம் பல மடங்கு வேகமாக வெளியேறும். மறுநாள் காலையில் சற்றே ஈரமான தடித்த கையுறையை அணிவதை விட, உலர்ந்த மெல்லிய கையுறையை அணிவது மேல் என்பது இங்கே ஓட்டிய எவருக்கும் தெரியும்.

அப்படியானால் இரவில் உலர்த்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஊட்டி வீடுகளில் பெரும்பாலும் மின்விசிறி கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. மேகமூட்டமான வாரங்களில் கொடியில் போட்ட சட்டையே மூன்று நாளுக்கு ஈரம் விடாது; நான்கு அடுக்குள்ள கையுறை எப்படி விடும்? கணப்புச் சட்டியின் அருகில் வைத்தால் தோல் விறைத்து வெடிப்பு விடுகிறது, ஒட்டுப் பசை இளகுகிறது. செய்தித்தாளைச் சுருட்டி ஒவ்வொரு விரலுக்குள்ளும் திணித்து, தூங்கப் போகுமுன் ஒருமுறை மாற்றித் திணிப்பது ஓரளவு உதவும். இதையெல்லாம் விடத் தொல்லை தருவது உள்துணி. ஈரமான கையைக் கையுறையிலிருந்து உருவும்போது விரல்களோடு உள்துணியும் சேர்ந்து வெளியே வந்துவிடும். பிறகு அதன் ஐந்து விரல்களையும் உரிய குழாய்களுக்குள் திருப்பி அனுப்புவது பென்சிலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே குழாய்க்குள் போய் முடிச்சிட்டுக்கொண்டால் அந்தக் கையுறையின் ஆயுள் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். உள்துணியை விரல் நுனிகளில் தைத்து நிறுத்திய கையுறைகளும் உண்டு. வாங்கும்போது கடையிலேயே உள்துணியைக் கிள்ளி இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றி அணிவது முறையான தீர்வு, ஆனால் செலவும் இரண்டு மடங்கு.

சூடேறும் கிரிப், அதாவது கைப்பிடி ரப்பருக்குள் மின்கம்பி ஓடும் வகை, காயவைக்கும் தொல்லை இல்லாதது. பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மிக நல்ல தேர்வு. சிறிய வண்டிக்கு அது பொருந்தாததன் காரணம் மின்சாரக் கணக்கில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற அறியப்பட்ட தயாரிப்புகள் முழுச் சூட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கின்றன. 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 50 வாட். சாதாரண வண்டியின் ஹாலோஜன் முகப்பு விளக்கே 35 வாட்தான், அதுவும் 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைவதில்லை. 100 சிசி வண்டிகள் சிலவற்றில் இருப்பது 3 ஆம்பியர்-மணி பேட்டரி. எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கைகொடுக்காவிட்டால் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆல்டர்னேட்டரோ எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அதாவது வரிசையில் நின்று நின்று நகரும்போது, மிகக் குறைவாகவே கொடுக்கும். குளிரில் பேட்டரியின் திறன் தானாகவே குறைந்திருக்கும் காலையில் அதற்கு இன்னொரு சுமையை ஏற்றுவதை நான் விரும்பவில்லை. தவிர, அது சூடாக்குவது உள்ளங்கையை. காற்று அடிப்பது புறங்கையில். உள்ளங்கை இதமாகவும் விரல்முட்டிகள் மரத்தும் இருக்கும் விசித்திரமான நிலை அதனால் வருவது. வயரிங்கை வெட்டி ஒட்டாமல், ரிலேயும் ஃபியூஸும் வைத்து இணைக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கிடைப்பதும் ஒரு நிபந்தனை.

பேட்டரியால் சூடேறும் கையுறைகளை நான் விலை கொடுத்து வாங்கியதில்லை. நண்பர் ஒருவருடையதைச் சில காலைகள் கடன் வாங்கி ஓட்டினேன், அவ்வளவே. விரல்களின் மேற்புறத்தில் கம்பி ஓடுவதால் சூடு சரியான இடத்துக்கு வருகிறது, சிறிய வண்டியின் மின்சாரத்தையும் தொடுவதில்லை; இந்த இரண்டும் உண்மையான சிறப்புகள். நாள்தோறும் இரண்டு பேட்டரிகளையும் சார்ஜில் போட நினைவு வைத்திருக்க வேண்டும் என்பதும், லித்தியம் பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு திறன் இழக்கும் என்பதும் குறைகள். என் அனுபவம் அதற்கு மேல் நீளாததால், மூன்றாவது குளிர்காலத்தில் அவை எப்படி இருக்கும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இனி ஹேண்டில் உறை. கைப்பிடி, லீவர், சுவிட்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து மூடும் ஒரு பைதான் இது. வெளியே ரெக்சின் அல்லது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர், உள்ளே மென்மயிர்த் துணி. ஒரு முனையைக் கண்ணாடித் தண்டைச் சுற்றி இறுகக் கட்ட வேண்டும், மறுமுனை வாய் ஓட்டுபவரைப் பார்த்துத் திறந்திருக்கும். சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. தில்லியிலும் பஞ்சாபிலும் குளிர்காலத்தில் இது சாதாரணக் காட்சி. இத்தாலியின் மிலான் நகரத்து ஸ்கூட்டர்காரர்களும் இதை விடுவதில்லை. இங்கே இன்னும் பரவலாகவில்லை என்பதால், வண்டிக்கே ஸ்வெட்டர் போட்டுவிட்டீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. அழகாக இருக்கிறது என்று நானும் வாதாட மாட்டேன்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. காற்றைக் கைக்கு வருமுன்பே தடுத்துவிடுகிறது. கை வெளியிடும் வெப்பம் பைக்குள்ளேயே தங்குகிறது. ஈரம் படிவது ரெக்சினின் வெளிப்பக்கத்தில்; குன்னூரில் வண்டியை நிறுத்தியதும் ஒரு துணியால் துடைத்தால் முடிந்தது, காயவைக்க ஏதும் இல்லை. உள்ளே நான் அணிவது கோடைக்கால ரைடிங் கையுறை, முட்டிக்குக் காப்பு வைத்தது. உறை விழுந்தால் காக்காது என்பதால் வெறுங்கையோடு ஓட்டக் கூடாது. ஆனால் மெல்லிய கையுறை போதும் என்பதால் கிளட்சின் உணர்வு விரலுக்கு அப்படியே வருகிறது, அது நனைந்தாலும் ஒரே இரவில் காய்ந்துவிடுகிறது. தடித்த கையுறையில் நான் பட்ட பாடு அத்தனையும் இப்படித்தான் நீங்கியது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஹாரன், இண்டிகேட்டர், டிம்-பிரைட் சுவிட்சுகளைப் பார்க்காமல் தொட்டே அறிய வேண்டும். முதல் வாரத்தில் திரும்புவதற்கு ஹாரன் அடிப்பதும் முந்துவதற்கு இண்டிகேட்டர் போடுவதும் நடக்கும். நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்து மணிக்கட்டோடு இறுக்கும் வாய் உள்ளவற்றை வாங்கவே கூடாது. விழும்போது கை தடையின்றி வெளியே வர வேண்டும். தளர்வான துணி உறையாக இருந்தால் எதிர்க்காற்று அதைப் பின்னுக்குத் தள்ளி முன் பிரேக் லீவரை மெல்ல அழுத்தக்கூடும். மாட்டியதும் முன்பக்கத்திலிருந்து உறையைக் கையால் அழுத்தி, பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால் அந்த உறை வேண்டாம். நியோப்ரீன் போன்ற விறைப்பான வகையில் இந்தச் சிக்கல் குறைவு, லீவருக்கு முன்னால் ஹேண்ட்கார்டு என்ற கைக்காப்புத் தடுப்பு இருந்தால் சிக்கலே இல்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்புகிறதா என்பதை, ஹேண்டிலை இடப்புறம் முழுவதும், வலப்புறம் முழுவதும் திருப்பி வைத்தும் சோதித்துக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அது சிக்கினால் விளைவு மோசமாக இருக்கும். இரவில் வண்டி வெளியே நிற்குமானால் வாய் வழியே பனி உள்ளே இறங்கும். நீலகிரியில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருப்பதால் நான் பழைய மழைக்கோட்டின் கைப்பகுதியை வெட்டி மூடிபோல் மாட்டிவிடுகிறேன்.

நான் ஓட்டும் சாலையில் வேகம் 40, 50 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் கோவை சாலையின் வேகத்தில் உறையோடு ஓட்டிப் பார்க்கும் தேவை எனக்கு வந்ததில்லை, அடிவாரம் வந்ததும் அங்கே குளிரும் இல்லை. நெடுஞ்சாலையில் 80, 90-இல் போகிறவர்கள் லீவர் அழுத்தத்தை இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டியும் அதற்கேற்ற பேட்டரியும் இருந்தால், சூடேறும் கிரிப்பையும் உறையையும் சேர்த்தே போடலாம்; காற்று தடுக்கப்பட்டுவிட்டதால் கிரிப்பை மிகக் குறைந்த சூட்டில் வைத்தாலே போதும். ஸ்கூட்டருக்கு வாங்குகிறவர்கள் கண்ணாடித் தண்டு நுழையும் துளை எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்கவும்; பைக்குக்கென்று தைத்தவை பல ஸ்கூட்டர்களில் கோணலாக அமர்ந்து, இடது பிரேக்கின் மேல் சாய்கின்றன.